சந்தனம் காயும்வரை

இடது முழங்கையின் உள்மடிப்பில் ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு வளையல்கூட ஏறவில்லை, அதற்குள். ரவிக்கைக் கையின் சரிகைக் கரை சரியாக அங்கே வந்து முடிகிறது. அம்மாதான் அளவு சொல்லித் தைக்கக் கொடுத்தாள், முழங்கைக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கட்டும், யார் கண்ணிலும் படாது என்று. படவில்லைதான். ஆனால் சரிகை சும்மா இருக்குமா, நான் மூச்சு விடும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு இழு இழுக்கிறது. சொறியக் கூடாது. இந்த நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கும்வரை சொறியக் கூடாது, இன்றைக்கு எனக்கு இருக்கும் வேலை அது ஒன்றுதான். மண்டபத்தில் இந்தப் பக்கம் பெருந்துறையில் இருக்கும் மாமியார் வீட்டுச் சனம், அந்தப் பக்கம் கோபியிலிருந்து வந்த எங்கள் சனம், நடுவில் ஏழு மாத வயிற்றோடு நான், எதிரே தட்டுத் தட்டாகக் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். பங்குனி மாதம், மேலே மின்விசிறி சூட்டைத்தான் கீழே இறக்கிவிடுகிறது. கழுத்தில் மாலை, ஒரு ரோஜாக் காம்பு பின்கழுத்தில் முடியோரமாகக் குத்துகிறது. அங்கேயும் ஒரு அரிப்பு வட்டம் உண்டு, இப்போது தூங்கிக்கொண்டிருக்கிறது, எழுப்பிவிடாதே, அசையாதே. “மேடம், கொஞ்சம் சிரிங்க” என்கிறார் வீடியோக்காரர். சிரிக்கிறேன். பின்னால் யாராவது இந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தால், கோகிலவாணிக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் பாரேன் என்பார்கள்.

மாமியார் முதலில் வருகிறார், முறைப்படி. வேப்பங்காம்பை வளைத்து நூல் சுற்றிய காப்பு, அதுதான் முதல், அதற்குப் பிறகுதான் கண்ணாடி. “இது உனக்கு நல்லதாச்சே கண்ணு, வேப்பெலையாக்கும்” என்று காதோடு சொல்லி மணிக்கட்டில் ஏற்றுகிறார். வேப்பிலை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது, பாவம் பிள்ளைக்கு யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்பது மாதிரி. இந்த ஊரில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றால்கூட நம்புவார்கள், வேப்பிலை ஒத்துக்கொள்ளாது என்றால் நம்ப மாட்டார்கள். காம்பு பட்ட இடம் சுருசுரு என்கிறது. அடுத்து கண்ணாடி வளையல், கைக்கு இரண்டாக, ஒவ்வொருத்தரும். விரல்களைக் குவித்து, கட்டைவிரல் மூட்டை அழுத்தி, சட்டென்று உள்ளே தள்ளும்போது ஒரு நல்ல வலி வருகிறது, நான் அந்த வலிக்காகக் காத்திருக்கிறேன், ஏனென்றால் வலிக்கும்போது அரிக்காது. வலி வந்தால் அரிப்பு வழிவிட்டு நிற்கும். பிறகு வலி போய்விடும், அரிப்பு மறுபடி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இனிமேல் பிரசவம் வரைக்கும் வளையலைக் கழற்றக் கூடாதாம். சத்தம் உள்ளே இருக்கும் குழந்தைக்குக் கேட்கணுமாம், அம்மா அருகில்தான் இருக்கிறாள் என்று அதற்குத் தெரியணுமாம். எல்லோருக்கும் இது அழகான விஷயம். எனக்கு மட்டும் இது என்னவென்றால், இத்தனை வருஷமாகச் சத்தமில்லாமல் சொறியக் கற்றுக்கொண்டவள் இனி சொறிந்தால் வீடு முழுக்கக் கேட்கும். போர்வைக்குள் கையை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகத்தைக் கொடுக்காமல் விரல் முட்டியால் தேய்த்து, பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷனுக்குத் தெரியாமல். என் குழந்தை என்னைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ளப் போவது நான் சொறிகிற சத்தத்தை. அம்மா என்றால் அதற்கு சலக் சலக் சலக்.

பெண்கள் வரிசையாக வருகிறார்கள். கன்னத்தில் ஒரு பொட்டு சந்தனம், நெற்றியில் குங்குமம், கையில் வளையல், தலையில் அட்சதை, போகும்போது காதில் ஒரு வைத்தியம். ரகசியம் போலக் குனிந்து, ஆனால் கோபிக்குக் கேட்கும் குரலில். “குப்பமேனித் தழைய அரைச்சுப் பூசு அம்முணி, எங்கூட்டுக்காரருக்கு அப்புடியே உட்டுருச்சு.” சரிங்க. “கத்திரிக்கா, கருவாடு ரெண்டும் கண்ணுலயே காட்டப்படாது.” சரிங்க. “உப்பும் மொளகும் வாங்கிக் கோயில்ல கொட்டறேன்னு நேந்துக்கோ.” நேர்ந்துகொண்டு கொட்டியும் ஆயிற்றுங்க, மூட்டையாகவே. “ரத்தஞ் சுத்தமில்லீன்னா இப்புடித்தான் வரும்.” இதற்கும் சரிங்க. ஒருவர் மட்டும், யாரோ பெரியம்மா முறை, வளையலை என் கையில் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டு அட்சதையைச் சற்று எட்ட நின்று போட்டார். ஒட்டிக்கொள்ளும் என்று. நானும் கண்டுகொள்ளவில்லை, நான் கவனித்தது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டேன், இதில் எனக்குப் பழக்கம் ஜாஸ்தி. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் இருக்கும். அதை நான் வசதி என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன் ரொம்ப நாள். கோபம் வரவில்லையா என்றால் கோபப்படுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும், அந்தத் தெம்பு சரியாகத் தூங்கினவர்களுக்குத்தான் இருக்கும். நான் கடைசியாக நன்றாகத் தூங்கியது எப்போது? ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது.

ஊசியைப் பற்றி நினைக்காதே. நினைத்தால் ஏக்கமாக வரும். தொப்புளுக்குப் பக்கத்தில் சிட்டிகையாகச் சதையைப் பிடித்துக்கொண்டு நானே போட்டுக்கொள்வேன், மாதத்துக்கு இரண்டு தடவை, விலையைச் சொன்னால் அம்மாவுக்கு மயக்கம் வரும். கோயமுத்தூரில் டாக்டர் பிரிசில்லாதான் ஆரம்பித்தார். அவரைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லா டாக்டரும் ஒரே மாத்திரையைத்தான் வேறு வேறு நிறத்தில் கொடுத்தார்கள், அதில் தூக்கம் வரும், அரிப்பு மட்டும் போகாது, தூக்கத்திலேயே சொறிவேன், காலையில் படுக்கை விரிப்பில் துளித்துளியாக ரத்தம் இருக்கும். “கொசு கடிச்சா வர்ற அரிப்பு வேற, உன்னோடது வேறம்மா” என்றார் டாக்டர். “உன் தோல்ல வெளிச்சுவர் கொஞ்சம் இத்துப்போயிருக்கு. தூசி பட்டாலும் துணி பட்டாலும் உள்ள இருக்கற செல்லுங்க ஐயோ திருடன்னு கத்துது. அந்தச் சத்தத்துக்கு ரத்தத்துல இருக்கற காவல்காரங்க ஓடி வர்றாங்க. வந்தவங்க சும்மா இல்லாம ஆளாளுக்கு தந்தி அடிக்கறாங்க. அதுல சில தந்தி நேரா நரம்புக்கே போயிருது, அரிக்குது சொறி, அரிக்குது சொறின்னு. நீ சாப்பிட்ட மாத்திரை நிறுத்தறது வேற ஒரு தந்திய. இதை அது தொடவே தொடாது.” நான் அவர் மேசையில் தலையை வைத்து அழுதேன். மருந்து கிடைத்ததற்காக அல்ல, அதைப் பற்றி அப்போது அவர் பேசவே ஆரம்பிக்கவில்லை. ‘சொறியாம இருக்க முடியாதா உனக்கு’ என்று பிறந்ததிலிருந்து கேட்ட எல்லோருக்கும் இப்போது ஒரு பதில் இருக்கிறது, அதற்காக. முடியாது. தந்தி வருகிறது. கையில் விலங்கு போடாத குறையாகக் காலுறையைக் கையில் மாட்டித் தூங்க வைத்த அம்மாவுக்கு, நகத்தைச் சதையோடு வெட்டின அம்மாவுக்கு, பாவம் அவள் என்ன செய்வாள், அவளும்தான் தூங்கவில்லை. இதோ எதிரே நிற்கிறாள், புதுப் புடவையில், பார்வை முழுக்க என் முழங்கை மேல். சொறிந்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சுகிறாள்.

சொறிந்தால் சுவர் இன்னும் இத்துப்போகும். சுவர் இத்துப்போனால் இன்னும் கத்தும். கத்தினால் இன்னும் தந்தி. இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது, அவர் ரயில்வேயில் சிக்னல் பார்க்கிற வேலை, அவருக்கு எதைச் சொன்னாலும் அங்கேதான் போய் நிற்கும், “எங்கூட்டு சிக்னலும் அப்புடித்தான் வாணி” என்றார், “எங்கியாவது ஒரு ஒயர் அறுந்தாலும் செவப்புதான் உழுகும், பச்சை உழுகாது. கெட்டாக்கூட வண்டியக் காப்பாத்தற மாதிரிதான் கெடும்.” என்னுடையது யாரைக் காப்பாற்றுகிறதாம் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, எவ்வளவு சாதாரணமாக, ஒரு தடவை, ஒரே தடவை சொறிந்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். அவர் இப்போது வெளியே பந்தி பார்த்துக்கொண்டிருப்பார். ஆண்களுக்கு இங்கே வேலை இல்லை. எனக்கும்தான் இல்லை, உட்கார்ந்திருப்பதைத் தவிர. இப்போது வலது மணிக்கட்டிலும் ஆரம்பிக்கிறது, வளையலுக்குக் கீழே, வேர்வை இறங்குகிற வழியில். வரும், வரும், எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒன்றன்பின் ஒன்றாக எழுந்திருக்கும். பின்கழுத்தும் எழுந்துவிட்டது.

“நெளியாதடி” என்றாள் கஸ்தூரி அக்கா, உதடு அசையாமல். என் கணவரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. பக்கத்து நாற்காலியில் அவளுக்கும் மாலை போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை, மாசமாக இருப்பவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டால் அடுத்து அவளுக்குத் தங்கும் என்று ஒரு முறை. குடும்பத்தில் யாருக்கு வளைகாப்பு நடந்தாலும் பக்கத்து நாற்காலி அவளுக்குத்தான். எனக்கு முன்னால் நாத்தனாருக்கு, அதற்கு முன்னால் சித்தி மகளுக்கு. ஒவ்வொரு முறையும் பட்டுப்புடவை கட்டி, ஒவ்வொரு முறையும் சிரித்து. “முடியலக்கா” என்றேன். “எங்க?” “எடது கை. மடிப்புல.” அவள் என் மாலையைச் சரிசெய்வது போலக் கையை நீட்டி, ரவிக்கைத் துணியோடு சேர்த்து அந்த இடத்துக்குச் சற்று மேலே ஒரு கிள்ளு கிள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சுகம். “இன்னொன்னு வேணுமா?” “வேணும்.” கிள்ளினாள். வீடியோக்காரர் எங்கள் இருவரையும் சேர்த்து எடுக்கிறார், ஓரகத்திகள் எவ்வளவு ஒற்றுமை என்று. “உனக்காச்சும் அரிக்குது” என்றாள் கஸ்தூரி அக்கா, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “எனக்கு எங்க வலிக்குதுன்னே தெரியாமப் போச்சு.” அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் என் உள்ளங்கை சொரசொரவென்று இருக்கும், அது எனக்கே பிடிக்காது. அதற்குள் அவள் தானாக என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அரிப்பு இரண்டு கிள்ளுக்கு அப்புறம் மெல்லத் திரும்பி வந்தது. வா.

வா என்றுதான் சொல்கிறேன். இது யாருக்கும் தெரியாது. இவ்வளவு திட்டுகிறேனே, உண்மையில் அது போய்விட்டால் எனக்குப் பயம். இது ஒரு பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். மாசமானதும் டாக்டர் ஊசியை நிறுத்தினார், வயிற்றில் பிள்ளையோடு அதைப் போட்டுக்கொண்டவர்கள் கணக்கு இன்னும் போதாதாம். நிறுத்தினதும் அரிப்பு பழையபடி வரும் என்று நினைத்தேன், பழையதைவிடப் பல மடங்காக வந்தது. வயிறு, தொடை, முலைக்காம்பைச் சுற்றி. ஏன் டாக்டர் என்றதற்கு அவர் சொன்னார், “குழந்தை பாதி உன் புருஷனோடதும்மா. உன் ஒடம்புக்கு அது வெளியாளு. வெளியாள விரட்டாம வெச்சுக்கணும்னா அடிக்கற படை கொஞ்சம் அடங்கித்தான் ஆகணும். அது அடங்கினா இன்னொரு கூட்டம் துள்ளும், இந்த அரிப்புத் தந்தி அடிக்கற கூட்டம். எல்லாருக்கும் இல்ல, உன்னை மாதிரி நிறையப் பேருக்கு.” அவர் சொன்னது அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே அதை மடித்து வேறொன்றாக ஆக்கிக்கொண்டேன். அப்படியானால் அரிக்கிறவரை என் உடம்பு குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறது. அரிப்பு நின்றால்? ஏனென்றால் போன தடவை மாசமாக இருந்தபோது நின்றது. மூன்றாம் மாதம், முந்தின வருஷ மார்கழியில், இரண்டு நாள் அரிப்பே இல்லை. நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். கையைப் பார்த்துப் பார்த்து, தடவித் தடவி, வெந்நீரில் குளித்தேன் பயமில்லாமல், இரவு அவரைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். மூன்றாம் நாள் ரத்தம் போயிற்று. அந்த இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் பிரிசில்லா அடித்துச் சொன்னார், புதுக் களிம்பு ஆரம்பித்த சமயம் அது, அதனால் அடங்கியிருக்கும், அப்படி ஒரு கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லைம்மா என்றார். சரிங்க டாக்டர் என்றேன். மூளைக்குப் புரிந்தது. வயிற்றுக்குப் புரியவில்லை. இந்தத் தடவை ஒவ்வொரு நாளும் கண் விழித்ததும் படுத்தபடியே கவனிப்பேன், அரிக்கிறதா, அரிக்கிறது, சரி, இருக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது மாதிரி. அப்புறம்தான் சொறிவேன். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அது உள்ளே உதைக்க ஆரம்பித்தது, அப்போதாவது இந்தக் கிறுக்கு விட்டிருக்கலாம். விடவில்லை. ரொம்ப நாள் பிடித்துக்கொண்டிருந்ததைச் சட்டென்று விட வரவில்லை.

வரிசை குறைகிறது. முழங்கை வரை வளையல் வந்துவிட்டது, இரண்டு கையும் கனக்கிறது. கடைசியில் சந்தனம், கை முழுக்கப் பூசுவார்கள், அதோடு முடியும், அப்புறம் சாப்பாடு, அப்புறம் ரவிக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஐந்து நிமிஷம், கடவுளே, ஐந்தே நிமிஷம் சொறிந்துகொள்வேன். மாமியார் வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கிண்ணத்தின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. “ராத்திரியே கொழைச்சு பிரிட்ஜுல வெச்சுப்போட்டேன் கண்ணு. மஞ்ச போடுல. சும்மா சந்தனமும் பன்னீரும். மஞ்ச உனக்கு எரியும்னு பெரகாசு சொன்னானாக்கும்.” இவர் மகனை, என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறார். வேப்பிலையை நம்பாதவர், மஞ்சளை விட்டுக்கொடுத்திருக்கிறார், அதுவும் மஞ்சள் விளைகிற ஊரில், இத்தனை சனத்துக்கு நடுவில், முறை தப்பிவிட்டது என்று யாராவது சொல்ல மாட்டார்களா. ரவிக்கைக் கையை அவரே மெதுவாக மேலே சுருட்டினார். அம்மா ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள் தடுக்க. சுருட்டியாயிற்று. முழங்கை மடிப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, தடித்து, கறுத்து, நடுவில் சிவந்து, நேற்றைய நகக் கோடுகளோடு. மண்டபம் பார்த்தது. மாமியார் உள்ளங்கை நிறையச் சந்தனத்தை அள்ளி அந்த இடத்தில் வைத்து அழுத்தினார்.

ஜில்லென்று இறங்கியது. முதலில் தோலில், பிறகு தோலுக்குக் கீழே, பிறகு எங்கேயோ தோள் வரைக்கும். இடது கை, வலது கை, பின்கழுத்திலும் மாலையை விலக்கி ஒரு கை வைத்தார். அரிப்பு ஒவ்வொரு இடமாக அணைந்தது. வீட்டில் எல்லா அறையிலும் ரேடியோ பாடிக்கொண்டிருந்து ஒவ்வொன்றாக நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. மடிப்பு நின்றது. மணிக்கட்டு நின்றது. கழுத்து நின்றது. எவ்வளவு அமைதி. மண்டபத்தில் சத்தம் இருக்கிறது, குழந்தைகள் ஓடுகிறார்கள், பந்திக்கு இலை போடுகிறார்கள், எல்லாம் எங்கேயோ இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்படித்தான் இருக்குமா மற்றவர்களுக்கு எப்போதும்? இப்படியே இருந்துகொண்டுதான் இவர்கள் சண்டை போடுகிறார்களா, சலித்துக்கொள்கிறார்களா? வயிற்றைக் கவனித்தேன். வயிறும் அரிக்கவில்லை. தொடையும் இல்லை. அங்கேயெல்லாம் சந்தனம் பூசவில்லையே. அங்கே ஏன் நின்றது? கண்ணைத் திறந்துவிட்டேன்.

காலையிலிருந்து உள்ளே குழந்தை அசையவில்லை. எப்போது அசைந்தது கடைசியாக? குளிக்கும்போது? இல்லை, குளிக்கும்போது இல்லை. புடவை கட்டும்போது அம்மா கொசுவத்தைச் செருகினாள், அப்போது? அப்போது கழுத்து அரித்தது, கழுத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி அசைந்தது, அது நிச்சயம், விலாவுக்குக் கீழே முட்டியது. இன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. அரிப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டேன். தூங்குகிறதாக இருக்கும். தூங்கும், நிறைய தூங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குளிர்ச்சிக்கு அரிப்பு அடங்கும், அதுவும் சொல்லியிருக்கிறார், ஒரு பக்கம் அடங்கினால் மனசு அடங்கி மற்ற பக்கமும் அடங்கலாம், எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. போன தடவையும் காரணம் இருந்தது. புதுக் களிம்பு. இந்தத் தடவை சந்தனம். அன்றைக்கு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேனே, அதற்கு விலை வாங்கிக்கொண்டது மாதிரி. வா. திரும்பி வா. எங்கே வேண்டுமானாலும் வா, முழங்கையில் வா, முகத்தில் வா, எல்லோரும் பார்க்கட்டும், ரத்தம் வரட்டும், பட்டுப்புடவை போனால் போகட்டும். இனி திட்ட மாட்டேன். வரவில்லை. சந்தனத்துக்குக் கீழே தோல் ஊமையாகக் கிடக்கிறது. வயிறு கல் மாதிரி இருக்கிறது. இந்த நிமிஷம் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னால் என்ன சொல்வார்கள், ஏன் என்று கேட்பார்கள், அரிக்கவில்லை என்று சொல்வதா? கஸ்தூரி அக்கா திரும்பிப் பார்க்கிறாள். “என்னடி, மூஞ்சி வெளுத்துப்போச்சு?”

சொறிந்தேன். அரிக்காத கையைச் சொறிந்தேன். வலது கையின் நாலு விரலும் இடது முழங்கைச் சந்தனத்துக்குள் போய், வரட் வரட்டென்று, எழுப்புவதற்கு, தூங்குகிறவனைப் போட்டு உலுக்குவது போல. இரண்டு கை வளையலும் ஒன்றாகக் கத்தின. இவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. சலசலசலவென்று மண்டபம் முழுக்க, இலை போடுகிறவர்கள் நின்றுவிட்டார்கள், அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். எட்ட நின்று அட்சதை போட்ட அந்தப் பெரியம்மா மட்டும் கையைத் தட்டினார். “அப்புடித்தான் அம்முணி! நல்லாக் குலுக்கு! உள்ள இருக்கறதுக்குக் கேக்கட்டும்!” அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களும் சிரித்தார்கள். குலவை போட்டார் யாரோ. “குலுக்கு, குலுக்கு” என்றார்கள் பிள்ளைகள். நான் சொறிந்துகொண்டே இருந்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, ஒரு வளையல் உடைந்து மடியில் விழுந்தது, கஸ்தூரி அக்கா என் மணிக்கட்டைப் பிடிக்கப் பார்க்கிறாள், நான் விடவில்லை, எழுந்திரு, எழுந்திரு, எழுந்திரு.

இடது விலாவுக்குக் கீழே ஒரு முட்டு. கை நின்றுவிட்டது. வளையல் ஓசை ஓய்வதற்குள் இன்னொன்று, நன்றாக, தூக்கத்தைக் கெடுத்துவிட்டாயே என்கிற மாதிரி ஒரு உதை. பிறகு மெதுவாக, வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு, உருண்டு திரும்பிப் படுத்தது. பட்டுக்கு மேலே தெரிந்தது. கஸ்தூரி அக்கா பார்த்துவிட்டாள். அவள் கை தானாக வந்து அங்கே நின்றது, தொடாமல், ஒரு விரற்கடை தூரத்தில். நான் அதை எடுத்து வைத்தேன், சந்தனமும் ரத்தமுமாக இருந்த என் கையால். அரிப்பு இன்னும் வரவில்லை. வரவில்லை, ஆனாலும் பிள்ளை இருக்கிறது. அரிப்பு இல்லாமலே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நடுவில் ஒருவரும் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம், இதுவும் நானும். அது எப்படித் திரும்புகிறது, குதிகால் எது, முழங்கால் எது என்று இப்போதுதான் பார்க்கிறேன். சந்தனம் ஓரங்களில் வெளிறத் தொடங்கியிருக்கிறது. காய்ந்து வெடித்ததும் எல்லாம் பழையபடி எழுந்திருக்கும், தெரியும். மாமியார் ஈரத் துண்டோடு குனிந்தார். முகத்தில் கலவரம், நான் அழுததைப் பார்த்துவிட்டார். “எரியுதா கண்ணு? தொடச்சுப்போடட்டுமா?”

“வேண்டாங்கத்தை” என்றேன். “ஒரு அஞ்சு நிமிசம். என்ற பிள்ளையோட இருந்துக்கறேன்.”